மூன்றாவது வருஷத்துப் பால்குடம்

பாலகிருஷ்ணனுக்கு உட்காரத் தெரியாது. சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில் முப்பது வருஷம் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அந்த வண்டியின் இருக்கையைத் தவிர வேறு எதிலும் அவர் ஒழுங்காக உட்கார்ந்து தான் பார்த்ததில்லை என்று மனைவி முத்தாயி சொல்வாள். கோப்பிக் கடையில் நின்றுகொண்டே கோப்பி குடிப்பார். எம்ஆர்டி ரயிலில் இடம் காலியாகக் கிடந்தாலும் கதவோரமாகப் போய் நிற்பார். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால், முத்தாயி முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் நாலு கடை தாண்டி, சாலையும் தாண்டி, எதிர்ப்பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

"அங்க என்ன, உங்களுக்காக ஃபிளைட்டை நிறுத்தி வச்சிருக்காங்களா?" என்பாள் அவள்.

இந்த மனிதரை மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து சரக்குக் கூடத்தின் நடுவிலேயே கீழே தள்ளியது. இடது கை மரத்துப்போய், சட்டை பிழியும் அளவுக்கு வேர்த்து, நெஞ்சின் மேல் ஆள் ஏறி நின்ற மாதிரி வலி. பைபாஸ் செய்தார்கள். அறுவை நடந்த அறைக்கு வெளியே நின்ற முத்தாயி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடக்கட்டும், மூன்று வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். இவரும் எழுந்து நடந்தார். நடந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, இரண்டே மாதத்தில் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டார். கம்பெனிக்காரர்கள்தான் பயந்துபோய், வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் லாரிகளை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். அதுவும் நின்று செய்கிற வேலை என்பதால் அவருக்குக் குறையில்லை.

முத்தாயி சொன்னபடி இரண்டு வருஷம் எடுத்துவிட்டாள். இது மூன்றாவது வருஷம், கடைசி வருஷம்.

கடைசி என்பதால் அவளுக்கு ஒரு பயம். குறையில்லாமல் முடிக்க வேண்டும். எங்கேயாவது பிசகினால் முருகன் கணக்கை இவர் நெஞ்சில் தீர்த்துவிடுவான் என்று நிஜமாகவே நம்பினாள். அதனால் வழக்கமான ஒரு மண்டல விரதத்தோடு, தானாகவே இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டாள். சாமிக்கு ஊற்றப்போகிற பாலை, ஊற்றி முடிக்கும்வரை தான் வாயில் வைப்பதில்லை. எந்தக் கோயிலிலும் யாரும் இப்படிக் கேட்டது கிடையாது. பால் போனது, தயிரும் மோரும் போயின. பருப்பு வயிற்றை உப்ப வைக்கிறது என்று அதையும் விட்டாள். மதியம் ஒரு பிடி சோறு, ரசம், ஒரு காய். இந்த லட்சணத்தில் வேலைக்கும் போனாள். விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு தயாராகும் பெரிய சமையற்கூடத்தில், தட்டுகள் அடுக்கும் வரிசைக்கு அவள்தான் மேற்பார்வை. ஊரெல்லாம் பறக்கிறவர்களுக்குச் சாப்பாடு அடுக்கிக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினியாக பஸ் ஏறி சீமேய் வீட்டுக்கு வருவாள்.

வெறும் வயிறு எரியத்தானே செய்யும்? எரிந்தது. பாலகிருஷ்ணன் மருந்துக் கடைக்கு ஓடினார், அதற்குத்தான் அவர் பிறந்திருக்கிறாரே. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்து ஒரு பாட்டில் வாங்கிவந்தார். கேட்டது. அடுத்த பாட்டில், அதற்கடுத்த பாட்டில் என்று தண்ணீர் மாதிரி குடித்தாள். மருந்துதானே, விரதத்துக்குப் பங்கமில்லை.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு காலை அவள் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாடை இழுக்கிறது, மேல்வயிறு எரிகிறது என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"கேஸ்தான்" என்றார் பாலகிருஷ்ணன்.

"இல்லைங்க, என்னமோ மாதிரி இருக்கு."

"நெஞ்சுவலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எனக்கு வந்திருக்குல்ல. கை வலிக்குதா? வேர்க்குதா? இல்லைல்ல? அப்புறம் என்ன. இந்தா, ரெண்டு மூடி குடி."

மாரடைப்பில் தனக்குப் பட்டம் கொடுத்திருப்பதாகவே அவருக்கு நினைப்பு. பெண்களுக்கு அது வேறு வேஷத்தில் வரும் என்று அந்தப் படிப்பில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவள் இரண்டு மூடி குடித்தாள், உட்கார்ந்தாள், பிறகு சோபாவில் சரிந்தாள். மகள் இனியா வேலைக்குக் கிளம்பித் தன் அறையிலிருந்து வெளியே வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது, மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர் சுஜீந்திரன். முப்பத்தைந்து வயதிருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். பாலகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு அன்று மாலை சாப்பாட்டுத் தட்டு வரும்வரைதான் நீடித்தது.

சைவச் சாப்பாடு. கஞ்சி, டோஃபூ, கீரை, ஒரு கிண்ணம் தயிர். முத்தாயி தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் விரதம். குளிச்சு விளக்கேத்தாம சோறு தொட மாட்டேன்."

"என்ன விளையாடுறியா? ஸ்டென்ட் வச்சிருக்காங்க."

"ஸ்டென்ட்டை நெஞ்சுக்குத்தானே வச்சாங்க. வாய்க்கு இல்லையே. மூணாவது வருஷங்க. இதுல விட்டா எல்லாம் போச்சு. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"டாக்டர்கிட்ட சொல்லுவோம். சாமியே ஒத்துக்கும்."

"சொன்னா ஊட்டிவிட ஆள் வைப்பாங்க. நீங்க சொல்லக்கூடாது. என் மேல சத்தியம்." அவர் கையைப் பிடித்து ஊசி ஏற்றிய தன் கையின் மேல் வைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள்தான். சத்தியம்."

நெஞ்சில் ஒயர்கள் ஒட்டிக் கிடக்கிற மனைவி சத்தியம் கேட்டால் என்ன செய்வது? கொடுத்தார். கொடுத்த கையோடு அடுத்த கேள்வி வந்து நின்றது. தட்டு நிறைந்திருக்கிறது. நர்ஸ் வந்து பார்ப்பாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் முத்தாயி.

இந்த விஷயத்தில் முத்தாயியை மிஞ்ச ஆள் கிடையாது. இருபது வருஷமாகத் தட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவள். சாப்பிட்ட தட்டு எப்படி இருக்கும், சாப்பிடாததை மறைத்த தட்டு எப்படி இருக்கும் என்று தூரத்திலிருந்தே சொல்வாள். அவரைத் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லிவிட்டு, படுத்தபடியே கட்டளை போட்டாள். கஞ்சியை வழித்துச் சாப்பிடாதீங்க, நோயாளி வழிக்க மாட்டா. கீரையில காம்பை ஒதுக்குங்க. கரண்டியைக் கிண்ணத்துக்குள்ள வைங்க, வெளிய வைக்காதீங்க. டிஷ்யூவைக் கசக்கிப் போடுங்க. பாலகிருஷ்ணன் கட்டிலோரம் நின்றபடியே அள்ளிப் போட்டார். இதையாவது உட்கார்ந்து சாப்பிடுங்க என்று அவள் அதட்டினாள்.

நர்ஸ் நூருல் வந்து தட்டைப் பார்த்தாள். "வாவ், ஆன்ட்டி! பாகுஸ் லா!" என்று மலாயில் பாராட்டிக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு எடுத்துப் போனாள். முத்தாயி நோயாளிச் சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

அன்றிலிருந்து வேளாவேளைக்கு இதுதான் பிழைப்பு. பாலகிருஷ்ணன் காலையில் பசியாறும் நேரத்துக்கு வந்து நிற்பார். மதியத் தட்டு, மாலைத் தட்டு இரண்டையும் முடித்துவிட்டுத்தான் போவார். அவளுக்குத் தேக்காவிலிருந்து ஒரு வாழைப்பழமும் இளநீரும் கொண்டுவந்து கொடுப்பார், அவள் ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான். வயிறு எரிகிறது என்று அவள் கேட்ட வெள்ளை மருந்தையும் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். அது அவளுடைய கைப்பையில் போர்வைக்குள் படுத்திருந்தது. மற்ற நாளாக இருந்தால் சிராங்கூன் ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் ஆட்டுக்கறி சாப்பிடாமல் அவருக்கு இரண்டு நாள் தாங்காது. இப்போது மூன்று வேளையும் அவள் பங்குச் சைவத்தை அமுக்கிவிட்டு வருவதில் வெளியே எதையும் தின்ன வயிற்றில் இடமுமில்லை, மனமுமில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

கட்டில் தலைமாட்டில் இருந்த, இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். சமமாக ஏறி இறங்கும் கோடு, திடீரென்று நாலைந்து தடவை பெரிதாகத் துள்ளும், பிறகு பழையபடி ஓடும். துள்ளும்போதெல்லாம் மணியடிக்கும். பாலகிருஷ்ணனுக்கு இது கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. கண் அந்தத் திரையை விட்டு நகராது. கால் ஒரு இடத்தில் நிற்காது. ஜன்னலிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். எதிர்க் கட்டிலில் இருந்த சீனப் பாட்டி இவரைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்று திரைச்சீலையை மூடச் சொன்னார்.

ஆறாம் நாள் டாக்டர் சுஜீந்திரன் அவரை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். "அங்கிள், ஸ்டென்ட் நல்லா இருக்கு. ரத்தம் நல்லா ஓடுது. ஆனா ஹார்ட் ரிதம்தான் செட்டில் ஆகல. பொட்டாசியம் பார்த்தோம், மெக்னீசியம் பார்த்தோம், ரெண்டும் ஓகே. பாஸ்பேட் மட்டும் ரொம்ப லோ."

"அது என்ன டாக்டர்?"

"ஒரு வகை உப்புச் சத்துன்னு வச்சுக்கங்க. ஹார்ட் ஒவ்வொரு தடவை துடிக்கவும் எனர்ஜி வேணும். அந்த எனர்ஜியைச் செய்ய பாஸ்பேட் வேணும். அது இல்லன்னா ஏற்கனவே அடிபட்ட ஹார்ட் தடுமாறும். ட்ரிப்ல குடுத்தா ஏறுது, மறுநாள் இறங்கிடுது. மாத்திரையும் குடுக்கிறோம், அது எங்க போகுதுன்னே தெரியல. சரியாச் சாப்பிடாதவங்களுக்குத்தான் இப்படி வரும். ஆன்ட்டி நல்லாச் சாப்பிடுறாங்கதானே?"

"சாப்பிடுறா" என்றார் பாலகிருஷ்ணன். வாயில் இன்னும் அவளுடைய காலை ரொட்டியின் ருசி இருந்தது.

"வெளி மருந்து எதாவது?"

"இல்ல."

"அப்போ கிட்னியில லீக் ஆகுதான்னு பார்க்கணும். ஸ்கேன் எடுக்கணும். பார்ப்போம்."

டாக்டர் போய்விட்டார். பாலகிருஷ்ணன் நீண்ட தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் விரதம் போகும், சத்தியம் போகும். தன் உயிருக்காக அவள் இருக்கிற விரதத்தைத் தானே கெடுப்பதா? சொல்லாவிட்டால்? கோவில் காரியம், நல்ல காரியம், அதனால் கெடுதல் வராது என்று ஒரு பக்கம் தோன்றியது. மறுபக்கம் அந்தப் பச்சைக் கோடு கண்ணுக்குள்ளேயே துள்ளியது. ஒன்றும் முடிவாகாமல் கீழே இறங்கிப் போய் ஒரு கோப்பி வாங்கினார். குடிக்காமலே குப்பையில் போட்டார்.

மாலையில் இனியா வந்து, "பா, அம்மா ஏன் இவ்வளவு இளைச்சுப் போயிட்டாங்க? சாப்பிடுறாங்களா இல்லையா?" என்று கேட்டாள். "அதெல்லாம் தட்டு காலியாத்தான் போகுது" என்றார் அவர். அதில் பொய்யில்லை. அதைவிட மோசமான பொய்யும் இல்லை.

மறுநாள் மதியம். வழக்கம்போலத் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவர் கட்டிலோரம் நின்றார். முத்தாயிக்குத் தலையைத் தூக்கவே சிரமமாக இருந்தது. கை பலமில்லாமல் கிடந்தது. ஆனாலும் மேற்பார்வையை விடவில்லை.

"டோஃபூவுல பாதி வைங்க. தினமும் காலியா இருந்தா சந்தேகம் வரும்" என்றாள். அவர் ஒரு வாய் கஞ்சியை அள்ளிப் போட்டார். "இன்னும் நாலு நாள்தாங்க, அப்புறம்…"

அப்புறம் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. கண் மேலே செருகியது. தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு மலை மலையாக எழுந்தது, இறங்கவே இல்லை. மணி விடாமல் அலறியது. பாலகிருஷ்ணன் கத்த வாயைத் திறந்தார். வாய் நிறையக் கஞ்சி. சத்தம் வரவில்லை. மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், அவள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கத்த முடியாமல் நிற்கிறேன் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்தது. விழுங்கிவிட்டுத்தான் கத்தினார். அதற்குள் நூருல் திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே நாலைந்து பேர். அவரை ஒருவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். உள்ளே யாரோ எண்ணினார்கள், எல்லாரும் விலகுங்கள் என்றார்கள், கட்டில் ஒரு தடவை அதிர்ந்த சத்தம் கேட்டது.

தாழ்வாரத்தில் நின்ற அவர் கையில் கரண்டி இருந்தது.

பிழைத்தாள். ஒரே ஷாக்கில் கோடு பழையபடி வந்துவிட்டது. டாக்டர் சுஜீந்திரன் வியர்த்த முகத்தோடு வெளியே வந்து, இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் இது திரும்பவும் வரலாம், நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்துவதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர், அவ சாப்பிடல" என்றார் பாலகிருஷ்ணன்.

"என்ன அங்கிள்?"

"வந்ததுலேருந்து ஒரு வாய்கூட சாப்பிடல. எல்லாத்தையும் நான்தான் சாப்பிட்டேன்." கரண்டியைக் காட்டினார். "தைப்பூச விரதம். எனக்காக இருக்கா. ஒரு மாசத்துக்கு மேல ஒரு வேளைச் சோறுதான். பால் இல்ல, பருப்பு இல்ல. வயித்தெரிச்சலுக்கு வெள்ளை மருந்து குடிச்சிட்டே இருக்கா. இப்பவும் குடிக்கிறா. நான்தான் கொண்டுவந்து குடுக்கிறேன். கேஸுன்னு சொன்னதும் நான்தான். எல்லாம் நான்தான் டாக்டர்." அறுபத்திரண்டு வயது மனிதர், சரக்குக் கூடத்தில் யாருக்கும் அடங்காதவர், கரண்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு. "அந்த பாட்டில் எங்க?" என்று மட்டும் கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், லேபிளைப் படித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார்.

"அங்கிள், இந்த மருந்து வயித்துக்குள்ள பாஸ்பேட்டைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. ஒரு மாசமா ஆன்ட்டி சாப்பிட்ட கொஞ்சத்தையும் இதுதான் எடுத்துக்கிச்சு. நாங்க குடுத்த மாத்திரையும் இதுக்குத்தான் போயிருக்கு. ஸ்கேன்லயா இது தெரியும்? நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அன்றைக்கே ட்ரிப்பில் பாஸ்பேட்டைக் கூட்டினார்கள். மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டுமாம். பட்டினி கிடந்த உடம்பில் சாப்பாட்டையும் திடுமெனக் கொட்டக்கூடாது, அப்படிச் செய்தால் இருக்கிற பாஸ்பேட்டும் இறங்கிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். வெள்ளை மருந்து குப்பைக்குப் போனது. மறுநாள் காலையில் பச்சைக் கோடு துள்ளுவது குறைந்தது. மாலையில் மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கருவியைப் பற்றி டாக்டர் மறுபடி பேசவில்லை.

முத்தாயியும் பேசவில்லை. டாக்டரிடம் பேசினாள், நூருலிடம் பேசினாள், இனியா வீட்டில் செய்து கொண்டுவந்த கஞ்சியை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். பாலகிருஷ்ணன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவர் ஜன்னல் பக்கம் போனால் அவள் கதவைப் பார்த்தாள். கதவுப் பக்கம் வந்தால் ஜன்னலைப் பார்த்தாள். அவருக்கு அது ஷாக் கொடுத்ததைவிடக் கொடுமையாக இருந்தது. வைதால் வாங்கிக்கொள்ளலாம். சும்மா இருப்பதை என்ன செய்வது?

தைப்பூசத்துக்கு முந்திய நாள் காலை, சுற்று வந்த டாக்டர் சுஜீந்திரன் இனிமேல் பால் குடிக்கச் சொன்னார். "ஆன்ட்டி, பாஸ்பேட்டுக்குப் பாலைவிட நல்லது இல்ல. ட்ரிப்பை எடுத்துடலாம். டெய்லி குடிங்க."

"பால் மட்டும் மாட்டேன் தம்பி" என்றாள் முத்தாயி.

டாக்டர் பாலகிருஷ்ணனைப் பார்த்தார். இனியா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் போனதும் இனியாவுக்கு வந்ததே கோபம். "அம்மா, நீங்க செத்துப் பொழைச்சிருக்கீங்க! தெரியுமா உங்களுக்கு? யாருக்காக இதெல்லாம்?"

"உங்கப்பாவுக்காக" என்றாள் முத்தாயி. பிறகு மூன்று நாளில் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷம்னு வாய் விட்டுச் சொல்லியாச்சு. ரெண்டு எடுத்தாச்சு. நாளைக்கு யார் எடுப்பா? சாமி கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றார் பாலகிருஷ்ணன். "நான் எடுக்கிறேன்."

அவள் சிரித்தாள். நோயாளிச் சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. "நீங்களா? நீங்க எடுத்தா, புறப்படுற பெருமாள் கோவில் வாசலைத் தாண்டுறதுக்குள்ள பாதிப் பால் ரோட்டுல இருக்கும். அதுவும் விரதம் இருக்காத ஆளு, கறி தின்ன வாயி…"

"கறி தின்னு எத்தனை நாளாச்சு? நீ படுத்ததுலேருந்து உன் தட்டைத்தானே தின்னுட்டிருக்கேன்."

முத்தாயி விரலை மடக்கி நாட்களை எண்ணினாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து மூன்று வேளையும் கஞ்சி, கீரை, டோஃபூ. வெளியே கை நனைக்கவில்லை. வாரத்துக்கு மேலாகச் சுத்த சைவம். பால்குடம் எடுக்க ஒரு வாரம் விரதமிருப்பவர்கள் எத்தனையோ பேர். அவள் மனதுக்குள் இது ஓடுவது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்குப் பதிலா நீங்கதான் சாப்பிட்டீங்க" என்றாள் கடைசியில். "அப்ப எனக்குப் பதிலா நீங்களே எடுங்க. ஆனா ஒண்ணு. நீங்க வேல்மேல ஊத்தின பிறகுதான் நான் பால் குடிப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு தொட மாட்டேன்."

"சரி."

"ஓடக்கூடாது."

"ஓடல."

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து அவர் பால்குடங்களும் காவடிகளும் புறப்படும் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோவிலிலிருந்து கிளம்பினார். மஞ்சள் வேட்டி, வெறும் கால், வெறும் உடம்பு. நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் பைபாஸ் தழும்பின் மேல் திருநீறு. தலையில் முத்தாயியின் பித்தளைக் குடம், போன இரண்டு வருஷமும் அவள் தலையில் இருந்த அதே குடம். முந்திய நாள் அதை அவரே புளி போட்டுத் தேய்த்திருந்தார்.

முதல் அடியிலேயே பால் தளும்பியது. அவர் காலுக்கு வேகம் ஒன்றுதான் தெரியும். தலைக்கு மேல் குடம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் எத்தனையோ சுமையை ஒரு பொட்டு சாயாமல் தூக்கி வைத்தவர், இந்தச் சின்னக் குடத்திடம் தோற்றுக்கொண்டிருந்தார். முன்னால் காவடிகள், பின்னால் காவடிகள், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. தாண்டிப்போக வழியில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் நிறுத்தினார்கள். நின்றார். மனம் மட்டும் ஆஸ்பத்திரிக்கும் டேங்க் ரோட்டு முருகன் கோவிலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ட்ரிப்பை எடுத்திருப்பார். கிண்ணத்தில் பால் ஆறிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கோடு துள்ளுமோ? சீக்கிரம் போக வேண்டும், சீக்கிரம் போனால் சிந்தும், சிந்தினால் அவள் குறை என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாலகிருஷ்ணன் மெதுவாக நடந்தார். அது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இந்த வேலையை அவள் இரண்டு வருஷம் செய்தாள், அதுவும் பட்டினியோடு. சுற்றிலும் அரோகரா என்று கத்தினார்கள். அவரும் கத்தினார். கத்தினால் அழுகை தெரியாது.

செலிகி ரோட்டில் யாரோ தோளில் இடித்தார்கள். ஒரு சின்ன ஓடையாகப் பால் அவர் நெற்றியில் வழிந்து மூக்கில் சொட்டியது. நின்று, இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டார். டோபி காட் தாண்டியதும் வெயில் தாரில் ஏறி உள்ளங்காலைச் சுட்டது. அப்போதும் ஓடவில்லை.

டேங்க் ரோட்டுக் கோவிலுக்குள் வரிசை நகர்ந்து நகர்ந்து அவர் முறை வந்தது. குடத்தை வாங்கினார்கள். வேலின் மேல் பால் இறங்கியதை அவர் கண் கொட்டாமல் பார்த்தார். கும்பிட மறந்துவிட்டார். வெளியே வந்து, இடுப்பில் முடிந்திருந்த கைப்பேசியை எடுத்து இனியாவைக் கூப்பிட்டார்.

போனை முத்தாயி பிடுங்கிக்கொண்டது கேட்டது. "ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு."

"சிந்துச்சா?"

பொய் சொல்ல அவருக்கு இனித் தெம்பில்லை. "செலிகி ரோட்ல கொஞ்சம்."

"இடிச்சிருப்பாங்க" என்றாள் முத்தாயி. "அங்க எப்பவும் இடிப்பாங்க. எனக்கும் அங்கதான் சிந்துச்சு, ரெண்டு வருஷமும்."

"குடி முத்தாயி" என்றார். "நான் கேட்கணும். குடி."

கிண்ணம் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் விழுங்கும் சத்தம், மெதுவாக, ஒவ்வொரு மிடறாக. டேங்க் ரோட்டின் நடைபாதை விளிம்பில், கடந்து போகிற கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, அவர் உட்கார்ந்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்தே இருந்தார்.